ஆயா ஊர் சுத்தினா உங்களுக்கு என்னய்யா நஷ்டம்?

ரெண்டு மாசமா ஆபீஸ்ல ஆணி ஓவர். அதனால இந்தப் பக்கம் தலை காட்ட முடியல. (யாரும் தேடலங்கறது வேற விஷயம், ஹி ஹி.) இனிமே எழுதவே வேணாம்னு இருந்தவனை மறுபடி உட்கார வச்சது எங்க குடும்ப வாட்ஸப் குரூப். எனக்குப் பெரியப்பா முறை ஆகுற ஒருத்தர் போன வாரம் அதுல இப்படிப் போட்டாரு:

"சின்னம்மாவ ஊத்தங்கரை பஸ் ஸ்டாண்டுல பாத்தேன். நாலஞ்சு பொம்பளைங்களோட உக்காந்து பொரி தின்னுக்கிட்டு கெக்கெக்கேன்னு சிரிச்சிக்கிட்டு இருக்குது. இந்த வயசுல இது தேவையா? புள்ளைங்க யாரும் கவனிக்கிறது இல்லையா?"

என்னமோ ஆயா டாஸ்மாக் வாசல்ல நின்ன மாதிரி! பொரிங்க. வெறும் பொரி. கூட நாலு பேரு. கொஞ்சம் சிரிப்பு. இதுக்கு எங்கப்பா ஓசூர்ல இருந்து போன் போட்டு அரை மணி நேரம் ஆயாவுக்கு அட்வைஸ். அத்தை தனியா ஒரு அரை மணி நேரம். அப்புறம் எனக்கு போன்: "நீ சொன்னா கேக்கும், நீ கொஞ்சம் எடுத்துச் சொல்லுடா."

நான் எடுத்துச் சொல்லல. அதுக்குப் பதிலா இந்தப் பதிவு. கொஞ்சம் காரமாத்தான் இருக்கும், பொறுத்துக்கோங்க.

எங்க ஊர் சிங்காரப்பேட்டை. ஊத்தங்கரைக்கும் செங்கத்துக்கும் நடுவுல, ஜவ்வாது மலைக்கு இந்தப் பக்கம். 1767ல ஹைதர் அலி படையும் இங்கிலீஷ்காரன் படையும் மோதிக்கிட்ட செங்கம் கணவாய் எங்களுக்குப் பக்கத்துலதான். அப்பேர்ப்பட்ட படையெல்லாம் போய் வந்த ரோட்டுல இப்ப எழுபத்து மூணு வயசு ஆயா டவுன் பஸ்ல போறதுதான் குடும்பத்துக்குப் பெரிய போராப் போச்சு. அப்பா ஓசூர் சிப்காட்டுல ஒரு கம்பெனியில வேலை. நான் பெங்களூர்ல பொட்டி தட்டுறேன். தாத்தா போய்ச் சேர்ந்தாச்சு. ஆயா மட்டும் ஊர்ல, ஓட்டு வீட்ல, ரெண்டு கோழியோட.

2021 மே மாசம் சாதாரண கட்டண டவுன் பஸ்ல பெண்களுக்கு டிக்கெட் இல்லைன்னு அரசாங்கம் அறிவிச்சப்ப எங்க வீட்ல யாரும் அதைப் பெருசா எடுத்துக்கல. ஆயா எடுத்துக்கிச்சு. முதல் வாரம் ஊத்தங்கரை. அடுத்தது சந்தை. அப்புறம் ஆஸ்பத்திரி. ஆடிப் பதினெட்டுக்கு அனுமன்தீர்த்தம். எந்த பஸ் எங்க நிக்கும், எந்த கண்டக்டர் சிரிச்சிக்கிட்டே டிக்கெட் கிழிப்பாரு, எவரு மூஞ்சிய உர்ருனு வச்சிருப்பாருன்னு எல்லாம் அத்துப்படி. சுருக்குப் பையில வெத்தலைக்குப் பக்கத்துல அந்த இலவச டிக்கெட்டுங்க ஒரு கத்தை மடிச்சி வச்சிருக்கு. "எதுக்கு ஆயா இது?"ன்னு கேட்டேன். "இருக்கட்டும்டா, நான் போன எடமெல்லாம் இதுல கீது"ன்னுச்சு. நம்ம ஆளுங்க பாஸ்போர்ட்ல ஸ்டாம்ப் எண்ணுற மாதிரி.

இப்ப குற்றச்சாட்டுங்களை ஒவ்வொண்ணா பார்ப்போம்.

முதல் கேள்வி: "வேலை வெட்டி இல்லாம எதுக்குச் சுத்தணும்?"

எங்க ஊர் டீக்கடை பெஞ்சுல காலையில ஆறு மணியில இருந்து பத்து மணி வரைக்கும் உட்கார்ந்திருக்கிற பெரியவங்களை எண்ணிப் பாருங்க. ஒரு டீ, ஒரு தினத்தந்தி, அதை ஏழு பேரு பிரிச்சுப் படிப்பாங்க. டிரம்ப்ல இருந்து பஞ்சாயத்து போர்டு வரைக்கும் தீர்ப்பு சொல்லுவாங்க. யாராச்சும் போய் "தாத்தா, வேலை வெட்டி இல்லாம ஏன் உட்கார்ந்திருக்கீங்க?"ன்னு கேட்டிருக்கோமா? கேக்க மாட்டோம். அவங்களுக்குத் திண்ணை உண்டு, மரத்தடி உண்டு, பெஞ்சு உண்டு. கெழவிக்கு என்ன உண்டு? அடுப்படி, கொல்லை, சீசன் வந்தா நாலு பேரோட உட்கார்ந்து புளி தட்டுற கூலி வேலை. அதுலயும் கையில சுத்தியல் இருக்கணும், வேலை நடக்கணும். அப்பதான் பேசலாம். வேலையில்லாம ரெண்டு பொம்பளைங்க சேர்ந்து சிரிச்சா அதுக்குப் பேரு வம்பு. ஏழு ஆம்பளைங்க சிரிச்சா அதுக்குப் பேரு அரசியல்.

என் ஆயாவுக்கு டீக்கடை பெஞ்ச் கிடைக்கல. டவுன் பஸ் சீட்டு கிடைச்சிது. அவ்ளோதான் வித்தியாசம்.

இன்னொண்ணு சொல்லணும். ஆயா கல்யாணம் ஆகி வந்ததுல இருந்து எங்க போகணும்னாலும் காசுக்கு ஒருத்தரைக் கேக்கணும். முதல்ல மாமனார், அப்புறம் தாத்தா, அப்புறம் எங்கப்பா. எங்கப்பா தர மாட்டேன்னு சொன்னதே இல்ல. ஆனா "எதுக்கும்மா?"ன்னு கேப்பாரு. காசை விட அந்த "எதுக்கு"தான் பெரிய டிக்கெட்டு. அதைக் கொடுக்காம ஏறி உட்காரலாம்னு ஆனது அறுபத்தெட்டு வயசுக்கு மேலதான்.

ரெண்டாவது குத்தம்: "ஓசி பஸ்."

இந்த வார்த்தையை 2022ல மேடையில சொல்லிட்டு ஒரு அமைச்சரே நல்லா வாங்கிக் கட்டிக்கிட்டாரு. ஆனா நம்ம ஆளுங்க இன்னும் விடல. "ஓசிங்கிறதால கூட்டம், வேலைக்குப் போறவனுக்கு இடமில்ல"ன்னு புலம்பல். மாநிலத் திட்டக்குழு பண்ணின ஆய்வுல இந்தத் திட்டத்தால ஒரு பெண்ணுக்குச் சராசரியா மாசம் 888 ரூபா மிச்சம்னு வந்துது. 888 ரூபா நம்மள மாதிரி ஆளுங்களுக்கு ஒரு வீக்கெண்ட் பிரியாணி பில். எங்க தெருவுல அது ஒரு மாச மளிகையில பாதி. கூட்டமா இருந்தா "இன்னும் ரெண்டு பஸ் விடு"ன்னு கேக்குறதுதானே நியாயம்? "கெழவிய எறக்கி விடு"ன்னா அது என்ன நியாயம்?

மூணாவது, இதுதான் கொஞ்சம் புத்திசாலித்தனமான கேள்வி: "எல்லாம் வீட்டுக்கே வருதே, அப்புறம் ஏன் போகணும்?"

வாஸ்தவம். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தை 2021 ஆகஸ்ட் 5 அன்னைக்கு ஆரம்பிச்சதே எங்க கிருஷ்ணகிரி மாவட்டத்துல, சாமனப்பள்ளி கிராமத்துலதான். பிரஷர் மாத்திரை, சுகர் மாத்திரை வீடு தேடி வரும். 2025 ஆகஸ்ட்ல தாயுமானவர் திட்டம்னு ஆரம்பிச்சு எழுபது வயசு தாண்டினவங்களுக்கு ரேஷன் அரிசியும் வாசலுக்கே வந்துது. ரெண்டுமே நல்ல திட்டம். நடக்க முடியாம படுத்துக் கிடக்கிறவங்களுக்கு அது உசுரு. ஒரு சொல் குறை சொல்ல மாட்டேன்.

ஆனா எங்க ஆயா மாத்திரைக்காக மட்டுமா ஆஸ்பத்திரிக்குப் போச்சு? அந்த வரிசையில நின்னாதான் கல்லாவியில இருந்து வர்ற அக்காகிட்ட அவங்க மருமக சண்டை எதுவரைக்கும் வந்திருக்குன்னு கேக்க முடியும். ரேஷன் கடை க்யூவுல நின்னாதான் எவ வீட்டுல வளைகாப்பு, எவன் பொண்ணு பாக்கப் போறான்னு தெரியும். மாத்திரை ஒரு சாக்கு. அரிசி ஒரு சாக்கு. சாக்கெல்லாம் வீட்டுக்கே வந்துட்டா கெழவி வெளிய போறதுக்கு என்னதான் மிச்சம்? பொருளை வீட்டுக்குக் கொண்டுவரலாம் சார், மனுஷங்களை பார்சல் பண்ண முடியாது.

நாலாவது: "விழுந்துட்டா என்ன பண்றது?"

இங்க நான் தலை குனிஞ்சு ஒத்துக்கிறேன். இது நியாயமான பயம். உலகம் முழுக்க வருஷத்துக்கு 6 லட்சத்து 84 ஆயிரம் பேரு கீழ விழுந்து சாகுறாங்கன்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது. அதுல வயசானவங்கதான் அதிகம். நம்ம பஸ் படிக்கட்டு இருக்கே, அது என் முழங்காலுக்கே சவால். ஆயா ஏறும்போது ஒரு கையால கம்பி, இன்னொரு கையால புடவை, பின்னாடி இருந்து யாராச்சும் ஒரு தள்ளு.

இந்த பயத்துலதான் நானும் ஒரு காரியம் பண்ணினேன். இப்ப நெனச்சா வெக்கமா இருக்கு. 2023 தீபாவளிக்கு ஊருக்குப் போனப்ப ஒரு கேமரா வாங்கி வீட்டு வாசல்ல மாட்டிட்டேன். வைஃபை, செயலி, எல்லாம். யாராச்சும் நடந்தா என் போனுக்கு அலர்ட் வரும். நான் இன்ஜினியராச்சே, பிரச்சினைன்னா உடனே ஒரு டிவைஸ் மாட்டிடணும்.

அடுத்த நாளே ஆபீஸ் மீட்டிங் நடுவுல அலர்ட். போன் போட்டேன்.

"ஆயா, எங்க போற?"

"கொல்லப் பக்கம் போறேன்டா. அதுக்கும் உங்கிட்ட சொல்லிட்டுத்தான் போவணுமா?"

மீட்டிங்ல ஸ்பீக்கர் ஆன்ல இருந்துது. அவ்வ்வ்வ்...

ஒரு வாரம் பொறுத்துப் பாத்துச்சு. எட்டாவது நாள் கேமரா மேல முறத்தை மாட்டிடுச்சு. என் போன்ல மூங்கில் பின்னல் மட்டும் ஹெச்டியில தெரிஞ்சுது. கெஞ்சிக் கூத்தாடி எடுக்க வச்சோம்.

அப்புறம் வந்துது 2024 டிசம்பர் 1, ஞாயித்துக்கிழமை. ஃபெஞ்சல் புயல். புதுச்சேரி பக்கம் கரை ஏறின புயல் எங்க பக்கம் வந்து இப்படிக் கொட்டும்னு யாரும் நெனைக்கல. ஊத்தங்கரையில ஒரே நாள்ல 50 சென்டிமீட்டர் மழை. ரோட்டோரம் நின்ன காரும் வேனும் தண்ணியில அடிச்சிக்கிட்டுப் போன வீடியோ நீங்களும் பாத்திருப்பீங்க. அன்னைக்கு ராத்திரி எட்டு மணிக்கு என் செயலி காட்டினது ஒரே ஒரு வரி: கேமரா ஆஃப்லைன். கரண்ட் இல்ல, வைஃபை இல்ல, ஆயா போன் ஸ்விட்ச் ஆஃப். அப்பா ஓசூர்ல, நான் பெங்களூர்ல. ராத்திரி முழுக்க கருப்புத் திரையைப் பாத்துக்கிட்டு உட்கார்ந்திருந்தேன். ரெஃப்ரெஷ், ரெஃப்ரெஷ், ரெஃப்ரெஷ். கையில பிடிச்சிருந்த அத்தனை டெக்னாலஜியும் சேர்ந்து எனக்குச் சொன்ன ஒரே சேதி "ஒண்ணும் தெரியல".

மறுநாள் மத்தியானம் தெரியாத நம்பர்ல இருந்து போன்.

"டேய் கண்ணு, நான்தான். சாப்ட்டியா?"

நடந்தது இதுதான். சாயங்காலமே எங்க தெருவுல தண்ணி ஏற ஆரம்பிச்சிருக்கு. ரெண்டு தெரு தள்ளி ஒரு தெலுங்குக்கார அவ்வா. எங்களுக்குச் சொந்தமும் இல்ல, ஒரே சாதியும் இல்ல. ஆயாவுக்கு அவங்களைத் தெரியும்னே எங்களுக்குத் தெரியாது. ஊத்தங்கரை பஸ்ல பக்கத்து சீட்டுல உட்கார்ந்து உட்கார்ந்து பழக்கமான சிநேகிதம். அந்த அவ்வாதான் "அந்தப் பக்கம் ஓட்டு வீட்டுல தனியா இருக்குது, போய்க் கூட்டியா"ன்னு மகனை அனுப்பியிருக்காங்க. அவரு இடுப்புல கயிறு கட்டிக்கிட்டு வந்து ஆயாவையும் ரெண்டு கோழியையும் தூக்கிட்டுப் போயிருக்காரு. அவங்க மாடியில மொத்தம் ஏழு கெழவிங்க. எல்லாம் பஸ் சிநேகிதம். ராத்திரி முழுக்க வரக்காப்பியும் கதையும். நான் இங்க அழுதுக்கிட்டு இருந்த நேரத்துல அங்க பல்லாங்குழி ஆடியிருக்காங்க!

சாமி சத்தியமா சொல்றேன், அன்னைக்கு என் ஆயாவைக் காப்பாத்தினது நான் மாட்டின கேமரா இல்ல. "வேலை வெட்டி இல்லாம சுத்தின" சுத்தல்தான்.

இது எங்க ஆயா கதை மட்டும்தானா? 2010ல அமெரிக்காவுல ஜூலியான் ஹோல்ட்-லன்ஸ்டாடும் அவங்க குழுவும் 148 ஆய்வுகளை ஒண்ணாச் சேர்த்துப் பாத்தாங்க. மொத்தம் 3 லட்சத்து 8 ஆயிரம் பேரு. நாலு பேரோட நல்ல பழக்கம் உள்ளவங்க உயிரோட இருக்கிற வாய்ப்பு, இல்லாதவங்களை விட 50 சதவீதம் அதிகம்னு வந்துது. நாம சிகரெட்ட நிறுத்து, உப்பைக் குறைன்னு சொல்ற அளவுக்கு "போய் நாலு பேரோட சிரிச்சிட்டு வா"ன்னு சொல்றோமா?

கதை இன்னும் முடியல. வெள்ளத்துக்கு அப்புறம் அப்பா பிடிவாதமா ஆயாவை ஓசூருக்குக் கூட்டிட்டு வந்துட்டாரு. நாலாவது மாடி, லிஃப்ட், டிவி, சூடா சோறு. "இங்க என்ன கொறை?"ன்னு கேட்டா ஒரு கொறையும் இல்ல. பால்கனியில வச்ச துளசிச் செடிக்கும் ஒரு கொறையும் இல்ல. ஒரு நாள் மாத்தமா இருக்கட்டும்னு நான் பெங்களூர் கூட்டிட்டுப் போனேன். அங்க 2023 ஜூன்ல இருந்து சக்தி திட்டம், பெண்களுக்கு பஸ் இலவசம். ஆனா கர்நாடக முகவரி வேணும். ஆயாவோட ஆதார்ல கிருஷ்ணகிரி மாவட்டம். கண்டக்டர் மேல தப்பில்ல, விதி அப்படி. டிக்கெட் எடுத்தேன். ஆயா கேட்ட கேள்வி இன்னும் காதுல இருக்கு: "ஏன்டா, அத்திப்பள்ளி தாண்டினா நான் பொம்பளை இல்லியா?"

மூணாவது வாரம் ஓசூர் வீட்டு பாத்ரூம்ல வழுக்கி விழுந்துது. கை மணிக்கட்டு வீக்கம். மூணரை வருஷமா அந்த ஒசரமான படிக்கட்டுல ஏறி இறங்கி விழாத ஆயா, நாங்க பத்திரமா வச்சிருந்த வீட்டு டைல்ஸ்ல விழுந்துது. பொங்கலுக்கு முன்னாடியே "புளி சீசன் வந்துடுச்சு"ன்னு ஒரு சாக்கைச் சொல்லிட்டு ஊருக்குக் கிளம்பிடுச்சு.

அதனால பயம் நியாயம்தான், ஆனா அதுக்கு மருந்து பூட்டு இல்ல. படிக்கட்டைத் தாழ்வா வைக்கச் சொல்லுங்க. கெழவி ஏறி உட்கார்ற வரைக்கும் பஸ்ஸை நகத்தாதீங்கன்னு டிரைவருங்ககிட்ட சொல்லுங்க. வீட்டு பாத்ரூம்ல கைப்பிடி மாட்டுங்க. சுருக்குப் பையில ஒரு சீட்டு எழுதி வைங்க: பேரு, ஊரு, போன் நம்பர், சாப்பிடுற மாத்திரை. செலவு அஞ்சு பைசா இல்ல.

ஊர் சுத்துற கெழவிங்களைக் கிண்டல் பண்றது நம்ம ஊர்ல மட்டும்னு நெனைக்காதீங்க. இங்கிலாந்துல 2008ல இருந்து நாடு முழுக்க வயசானவங்களுக்கு லோக்கல் பஸ் இலவசம், ஆனா வேலை நாள்ல காலை ஒன்பதரைக்கு மேலதான். ஒன்பது இருபதுக்கே வந்து நின்னு "சீக்கிரம் வந்துட்டேனா?"ன்னு கேக்குறவங்களுக்கு டிரைவருங்க 'ட்வர்லி'ன்னு பட்டப்பேரு வச்சாங்க, அந்தக் கேள்வியையே குறுக்கி. டோக்கியோவுல சுகாமோன்னு ஒரு தெரு. கெழவிங்களுக்குன்னே பேர் போன கடைத்தெரு. ஒரு கோயில், தின்பண்டம், அப்புறம் செவப்பு உள்ளாடைக்குன்னே ஒரு கடை. செவப்பு போட்டா ஒடம்புக்கு நல்லதாம். இதை ஆயாகிட்ட சொன்னேன். பத்து நிமிஷம் சிரிச்சிட்டு "எவ்ளோ தூரம்டா, டவுன் பஸ் போவுமா?"ன்னுச்சு.

அவ்வளவு தூரம் எதுக்கு? நம்ம தமிழுக்கே அடையாளம் ஒரு ஊர் சுத்தின கெழவிதானே! ஔவையார். கையில கோலு, காலு போன பக்கம் பயணம். 1953ல ஜெமினி வாசன் எடுத்த படத்துல கே.பி. சுந்தராம்பாள் நடந்த நடைக்கு நாடே கை தட்டுச்சு. மெரினாவுல சிலை வச்சோம், பள்ளிக்கூடத்துல பாடமா வச்சோம். அந்த ஔவையாருக்கு ஒரு பேரன் இருந்து, "இந்த வயசுல எதுக்கு ஆயா அலையுற, வீட்ல சிவனேன்னு கிட"ன்னு வாசல்ல ஒரு கேமரா மாட்டியிருந்தா? ஆத்திசூடி நமக்குக் கிடைச்சிருக்குமா சொல்லுங்க.

கடைசியா, அம்மா அப்பா பத்தி உருகி உருகி எழுதுற நண்பர்களுக்கு ஒரு வார்த்தை. முதியோர் இல்லத்து வாசல்ல மகன் விட்டுட்டுப் போற கதையை ஆளாளுக்கு எழுதியாச்சு. படிச்சு நானும் கண்ணைத் தொடைச்சிருக்கேன். ஆனா நம்மள்ல பாதிப் பேரு வீட்டையே ஒரு இல்லமா மாத்தி வச்சிட்டு, மணிக்கு ஒரு தடவை போன் பண்ணி "எங்க இருக்கே"ன்னு கேட்டுக்கிட்டு, அதுக்குப் பாசம்னு பேரு வச்சிருக்கோம். அந்தப் பாசத்துல பாதி நம்ம நிம்மதிக்கு. கெழவி பத்திரமா இருந்தா நாம நிம்மதியா ஆணி புடுங்கலாம். அதுக்காக அது சிரிக்காம இருக்கணுமா?

பெரியப்பா மெசேஜுக்கு நான் குரூப்லயே பதில் போட்டுட்டேன்: "பெரியப்பா, அடுத்த தடவை பாத்தா பொரிக்கு காசு நீங்க குடுத்துடுங்க. நான் அனுப்பிடறேன்." ரெண்டு நீல டிக் விழுந்துது. பதில் இல்ல. அத்தை மட்டும் ரகசியமா ஒரு சிரிப்பு பொம்மை அனுப்பிச்சு.

கேமராவைக் கழட்டியாச்சு. இப்பல்லாம் ராத்திரி போன் பண்ணினா "ஏன் போன?"ன்னு கேக்குறதில்ல. நேத்து கேட்டது: "இன்னைக்கு ஊத்தங்கரையில என்ன ஆயா விசேஷம்?"

"ஒண்ணுமில்லடா கண்ணு. சும்மா போயிட்டு வந்தேன்."

அந்த "சும்மா"வை மட்டும் நாப்பது நிமிஷம் சொல்லிச்சு. கல்லாவி மருமக சண்டை சமாதானத்துக்கு வந்துடுச்சாம்.

டிஸ்கி: திட்டணும்னா என்னைத் திட்டுங்க, ஆயாவை இழுக்காதீங்க. அதுக்கு நாளைக்கு காலையில பஸ் இருக்கு. வர்ட்டா... :)